முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஹோட்டல்

29 மே 2025, வியாழன்

வருகிற 14ஆம் தேதி உமாவுக்கு முப்பது வயது நிறைகிறது. என்ன வேண்டும் என்று கேட்டேன். வாட்ச், கைப்பை என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், தோசையை மடித்துக்கொண்டே, "கிள்ளானுக்குப் போகணும்பா. ரெண்டு நாள். நீங்க, அம்மா, நான்" என்கிறாள்.

கோலாலம்பூரில் நாங்கள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் முப்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் போய், சாப்பிட்டு, திரும்பி வந்து மத்தியானத் தூக்கமே போடலாம். அதற்கு ஹோட்டலாம். புக் பண்ணியாச்சாம்.

காரணம் எனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு மறுநாள் சொன்னாள். முகுந்தன் என்று ஒருவன். கிள்ளான் பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தோள்பட்டை பிசகி இவள் வேலை செய்கிற பிசியோ கிளினிக்குக்கு வந்தவன். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "கிள்ளானா?" அதோடு பேச்சு நின்றது. ஏழு மாதமாக இந்த வீட்டில் மூன்று பேரும் சாம்பாரில் உப்பு சரியா என்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்கு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஒரு தடவ அவங்க வீட்டுக்கு வாங்கப்பா. ஒரு டீ குடிங்க. அதுக்கப்புறமும் வேணாம்னா நான் கேக்கவே மாட்டேன்."

கேட்க மாட்டாள். சொன்னால் சொன்னதுதான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

2 ஜூன், திங்கள்

முப்பத்தொரு வருடமாக இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பார்க்கிறவன் நான். மற்றவர்கள் ஒரு ஊரைக் கோயிலை வைத்தும் சாப்பாட்டை வைத்தும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு ஃபைல்தான். கிள்ளான் என்றால் வண்டித் திருட்டு, பை பறிப்பு, கார்க் கண்ணாடி உடைப்பு. கிள்ளான் ஃபைலில் ஒருவராவது சிரித்துக்கொண்டிருக்கிற படம் உண்டா? இல்லை.

இதை என் மனைவி தெய்வானையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "கிள்ளான்ல நல்லா இருக்கறவன் உங்க ஆபீசுக்கு எதுக்குங்க வரப் போறான்?" என்றாள்.

பதில் யோசிப்பதற்குள் இன்னொன்றையும் போட்டாள். "நம்ம மோட்டார் சைக்கிள் காணாம போனது எந்த ஊர்ல?"

பிரிக்பீல்ட்ஸில்தான். எங்கள் பிளாக்கின் வாசலிலேயே. அது வேறு விஷயம்.

8 ஜூன், ஞாயிறு

கீழ் வீட்டுக் கன்னையா லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "கிள்ளானா பாஸ்? தங்கம் கிங்கம் போட்டுட்டுப் போகாத. சிக்னல்ல நிக்கறப்ப கண்ணாடிய ஏத்திக்க லா." கடைசியாக எப்போது போனார் என்று கேட்டேன். போனதே இல்லையாம். இருந்தாலும் மனிதர் சொன்னதில் தப்பில்லை.

13 ஜூன், வெள்ளி

மோதிரத்தைக் கழற்ற அரை மணி நேரம், பாதி சோப்பு.

என் மாமனார் 1992இல் நிச்சயதார்த்தத்தன்று என் விரலில் போட்டது. அன்றிலிருந்து கழற்றியதில்லை. நான் பெருத்துவிட்டேன், அது பெருக்கவில்லை. கழன்ற இடத்தில் விரல் இட்லி போல வெளுத்து இருக்கிறது.

எங்கே வைப்பது? வீட்டில் வைக்க முடியாது. ஆளில்லாத வீட்டில்தான் புகுவான், ஃபைல் ஃபைலாகப் பார்த்திருக்கிறேன். பர்ஸ்? பர்ஸைத்தான் முதலில் பிடுங்குவான். கார் டேஷ்போர்டு? சிரிப்புத்தான் வருகிறது.

சமையலறை மேசையில் தெய்வானை அர்ச்சனைப் பையைத் தயாராக வைத்திருந்தாள். ஞாயிறு காலை கிள்ளான் கோயிலில் உமா பேருக்கு அர்ச்சனை. பழம், தேங்காய், பூ, வாழைநாரில் கட்டிய வெற்றிலைக் கட்டு. எந்தத் திருடனும் வெற்றிலைக்குக் கை நீட்ட மாட்டான். மோதிரத்தை டிஷ்யூவில் சுற்றி, கட்டுக்கு நடுவில் செருகி, நாரை மறுபடி இறுக்கிவிட்டேன். கோயில் வாசலில் எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

தெய்வானையிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் அக்கா தங்கைக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பாள்.

14 ஜூன், சனி. மத்தியானம், ஹோட்டல்

கோமுட்டர் ரயிலில் போகலாம் என்றார்கள் இருவரும். நான் கேட்கவில்லை. என் மைவி காரில்தான் வந்தோம். ஸ்டீரிங் லாக், பெடல் லாக் இரண்டும் போட்டேன். "இந்தக் காரைத் திருடறவனுக்கு நாமதான் ஏதாச்சும் குடுக்கணும்பா" என்றாள் உமா.

லிட்டில் இந்தியாவில் சாப்பாடு. மட்டன் பிரட்டல் நன்றாக இருந்தது, எழுதாமல் விடுவது தர்மமில்லை. வெளியே வந்தபோது கழுத்து வரை பச்சை குத்தியவன் ஒருவன் காருக்குப் பக்கத்தில் நின்றான். நான் சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். "அங்கிள், பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பார்த்தேன். கம்மியாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குப் பண்டமாரான். உமா இரண்டு தடவை புடவை மாற்றிவிட்டாள். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு. காலை

நேற்று எழுதும் நிலையில் இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் உமாவும் தெய்வானையும் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். நான் லாக் போட்டேன். பெடல் லாக் சிக்கிக்கொண்டது. ஐந்து நிமிடம் குனிந்து கிடந்தேன். அந்த ஐந்து நிமிடம்தான் எல்லாம்.

கேக் டப்பா ஒன்றுதான் கொடுப்பதாகப் பேச்சு. வாசலில் இராஜம்மாவைப் பார்த்ததும் — முகுந்தனின் அம்மா, பட்டுப்புடவை கட்டிக் காத்திருந்தார் — தெய்வானைக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவை போகிற வீட்டுக்கு வெறும் கேக்கோடு போவதா என்று, பின் சீட்டில் இருந்த அர்ச்சனைப் பையையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள். கோயிலுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாமாம். நான் குனிந்து கிடந்ததில் பார்க்கவில்லை.

நான் உள்ளே போகிறேன். கூடம். சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. அதில் எங்கள் பழம், எங்கள் தேங்காய், எங்கள் பூ. இராஜம்மா வெற்றிலையை அடுக்குவதற்காக நாரை அவிழ்க்கிறார். வேண்டாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் நார் அவிழ்ந்துவிட்டது.

டிஷ்யூ விரிந்து மோதிரம் தட்டில் உருண்டது.

பழம், பூ, வெற்றிலை, பெண்ணைப் பெற்றவன் கொண்டுவந்த தங்க மோதிரம். அதற்கு எந்தத் தமிழ் வீட்டிலாவது இரண்டு அர்த்தம் உண்டா?

இராஜம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க சம்மதிக்க மாட்டீங்கன்னு உமா சொல்லிச்சு. ஒரு வார்த்த பேசாம இப்படி வெச்சுக் குடுத்திட்டீங்களே." அவர் கணவர் நாகையா, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்தார். விடவே இல்லை.

நான் என்ன சொல்வது? உங்க ஊர்ல திருடன் இருப்பான், அதான் ஒளிச்சு வெச்சேன்னா? அவங்க வீட்டுக் கூடத்துல நின்னுக்கிட்டா?

"டீ குடிக்கலாமா?" என்றேன். அதுதான் வந்தது.

இராஜம்மா மோதிரத்தை முகுந்தன் விரலில் போட்டுப் பார்த்தார். முட்டியைத் தாண்டவில்லை. சுண்டு விரலில் ஏறியது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எல்லோருமாகத் தஞ்சோங் ஹராப்பான் போய்க் கடல் பார்த்தோம். கேக் வெட்டினோம். காற்றில் மெழுகுவத்தி நிற்கவேயில்லை, நாகையா தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தார். உமா என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன்பா" என்றாள்.

ஹோட்டலுக்கு வந்து தெய்வானையிடம் உண்மையைச் சொன்னேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் சிரித்தாள்.

16 ஜூன், திங்கள்

ஆபீசில் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். "முக்கியத் தகவலை மறைத்ததால் தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை." எத்தனை ஆயிரம் பேருக்கு இதை அனுப்பியிருப்பேன்.

18 ஜூன், புதன்

உமா குளிக்கும்போது பாடுகிறாள். கடைசியாக எப்போது பாடினாள்?

20 ஜூன், வெள்ளி

சொல்லிவிடலாம் என்று அவள் அறை வரை போனேன். இராஜம்மாவோடு போனில் இருந்தாள், கருவாட்டுக் குழம்புக்கு மாங்காய் எப்போது போடுவது என்று. மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பேசாமல் விட்டுவிட்டால் என்ன? எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் ஒருத்தன்தானே முழிக்கிறேன்? ஆனால் அவள் நன்றி சொல்வது நான் செய்யாத காரியத்துக்கு. ஒவ்வொரு தடவை "அப்பா" என்று குழைகிறபோதும் திருடன் மாதிரி இருக்கிறது எனக்கு. கிள்ளானில் தேடினேன், இங்கே இருக்கிறான்.

22 ஜூன், ஞாயிறு

முகுந்தன் வந்தான். தனியாக, கோமுட்டரில். தெய்வானையும் உமாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான்.

உட்காரச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"டிஷ்யூல சுத்தி இருந்துச்சு அங்கிள். சீர் வைக்கறவங்க டிஷ்யூல சுத்த மாட்டாங்க. நீங்க கார்ல ரெண்டு லாக் போட்டதையும் பாத்தேன்."

எனக்கு முகம் சுட்டது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மா அழுதுட்டாங்க. அவங்க முன்னாடி உங்கள எப்படி விட்டுக் குடுக்கறது?"

என்னை. என்னையா விட்டுக் கொடுக்கவில்லை இவன்?

"உமாகிட்ட?"

"சொல்லல. அத நீங்கதான் சொல்லணும் அங்கிள். நீங்களா குடுக்கறப்ப போட்டுக்கறேன். குடுக்கலன்னா, சரி."

முப்பத்திரண்டு வயது ஆள், நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிறவன், என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அப்படியே குடித்தான்.

கிளம்பும்போது குனிந்து, காலுறைக்குள் விரலை விட்டு ஒரு தங்கச் சங்கிலியை எடுத்தான். அசடு வழிந்தது. "அம்மாதான் அங்கிள். கேஎல் போற, சங்கிலிய கழுத்துல போடாதன்னு ஒரே பிடிவாதம்."

ஒரு வாரமாகச் சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தேன். அவனும்தான்.

அதே நாள், மாலை

உமாவிடம் சொல்லிவிட்டேன். சோப்பிலிருந்து டிஷ்யூ வரை.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மேசையில் இருந்த மோதிரத்தையே பார்த்தாள். "அப்ப நீங்க சரின்னு சொல்லல."

"அன்னிக்குச் சொல்லலம்மா. இன்னிக்குச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, மத்தியானமே முடிவு பண்ணிவிட்டேன் என்று. அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, எழுதுவதற்கு என்ன வெட்கம். வாசலில் நின்ற தெய்வானை மட்டும் அழவில்லை. "அந்த மோதிரத்த நகைக் கடைல குடுத்துப் பெருசாக்குங்க, சுண்டு விரல்ல போட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கீழே கன்னையா. "மறுபடியும் கிள்ளானா பாஸ்? பாத்து லா." சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்துவிட்டது.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. தட்டு ஒன்பது. மோதிரத்தை நானே முகுந்தனுக்குப் போட்டேன், மோதிர விரலில், சரியாக ஏறியது. இராஜம்மா தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "ஒரு வார்த்த பேசாம வெத்தலைல வெச்சுக் குடுத்தாரு, அப்படிப்பட்ட மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது. நானும் முகுந்தனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சமாளித்தோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

என் விரலில் வெளுத்த இடம் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், ஸ்டீரிங் லாக்கும் பெடல் லாக்கும் செருப்பு அலமாரி மேல் கிடக்கின்றன. காலையில் எடுத்துக்கொண்டு போகவேயில்லை. நாள் முழுக்க வண்டி கிள்ளானில் சும்மா நின்றிருக்கிறது.