மண்டபத்து வளைவுப் பலகை

சார்,

நேற்றுக் காலை பர்கூரிலிருந்து பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர் ஒருவர் பஸ் பிடித்து வந்து, சுவரின் வளைவுக்கு அளவு பிடிக்கிற உங்கள் பலகையைக் கேட்டார். "ஓசூர் மண்டபம் மாதிரியே எங்க ஸ்கூலு முகப்பும் இருக்கணும் மேஸ்திரி. எஞ்சினியர்தான் போயிட்டாரு. பலகை உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க" என்றார். பரணிலிருந்து இறக்கினேன். ஆறடித் தேக்கு, ஒரு பக்கம் வில்லாக வளைத்துச் சீவியது. ஈரத்துணியால் துடைத்ததும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்த அந்தப் பழைய வாடை வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வயிறு எரிந்தது.

அதே மண்டபத்தில்தான் உங்களுக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டணம் என்று இந்தப் பக்கத்து ஊர்களின் முகத்தையே மாற்றிவிட்டுப் போன மேதை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் வெளியே கேட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேதைதான், யார் இல்லை என்றது? எனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கல்லில் ஊரார் பெயரை வெட்டி வெட்டி எழுத்துப் பழகியவன் நான். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கல் உடைக்கும் பாறைக்கே நீங்கள் தேடி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கனத்த படப் புத்தகத்தைப் பாறைமேல் விரித்தீர்கள். ரோமாபுரிக் கோயில்கள். சுவர்களெல்லாம் காற்றில் ஆடும் வேட்டி போல உள்ளே போய் வெளியே வந்தன. "இதுக்கு பரோக்னு பேரு. நம்ம ஊர்ல சுவர் நிக்குது மேஸ்திரி. இங்க பாருங்க, நடக்குது" என்றீர்கள். கருங்கல்லில் அது ஆகாது என்றேன். "உங்க கையில ஆகும்" என்றீர்கள். என்னை 'உங்க' என்று சொன்ன முதல் படித்த மனிதர் நீங்கள். அன்று மத்தியானம் என் சட்டியிலிருந்து ராகிக் களியைப் பிய்த்து, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரத் தின்றீர்கள். உங்கள் ஆட்கள் யாரும் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம் அது. இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு எரியாது.

நீங்கள் முதலில் வரைந்துகொண்டு வந்த காகிதத்தில் மண்டபத்தின் முகப்பு நடுவில் குழிந்திருந்தது. குழிவில் ஒரே வாசல். இரண்டு பக்கச் சுவரும் வளைந்து முன்னால் வந்து, குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிற மாதிரி இருந்தது. "எங்க இருந்து வந்தாலும் வாசல்லதான் கொண்டுபோய் விடும்" என்றீர்கள். ஊருக்கெல்லாம் பொதுவான மண்டபம், சட்டமே வந்துவிட்டது, எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடலாம் என்றும் சொன்னீர்கள். நான் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு முழுக்கச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் கல் சுமக்க வந்தார்கள். என் மனைவி மட்டும் சிரித்தாள். "போய்யா, பண்ணைக்காரங்க நம்மளப் பக்கத்துல உக்கார வெச்சு சோறு போடப்போறாங்களாக்கும்." அதற்கு நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "சார் இருக்காரு."

மண்டபத்துக்குப் பணம் போட்ட பண்ணைக்காரர்களின் கமிட்டிக்குப் போய்விட்டு வந்தீர்கள். காகிதம் மாறிவிட்டது. குழிந்த நடு இப்போது புடைத்திருந்தது. அதன் முன்னால் உயரமான ஆறு படிகள். இடது பக்கம் சுவர் உள்வாங்கி, ஒரு பாதை மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. ஏன் சார் என்று கேட்டேன். "காத்தோட்டத்துக்கு. அந்த வழி சமையல்கட்டுக்கு" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "யாரையும் நிறுத்தக் கூடாது மேஸ்திரி. சுவரே நடத்திக்கிட்டுப் போகணும். அதுதான் இந்தக் கலை" என்றீர்கள். ஆகா என்று வாயைப் பிளந்தேன், மடையன்.

பலகையைச் சீவியது நான். வளைவுக்கு ஒவ்வொரு கல்லாகக் கொத்தியதும் நான். முகப்பு எழுந்து நின்றதும் பார்க்க வராத ஊர் இல்லை. உள்வேலை முடிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அக்கம்பக்கத்துக் கொத்தனார்கள் பலகையை இரவல் வாங்கிக்கொண்டு போய் ரைஸ்மில், சத்திரம், டாக்கீஸ் என்று அதே புடைப்பையும் அதே பக்கவழியையும் எழுப்பிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். 'சுவரே நடத்திக்கிட்டுப் போகணும்' என்ற உங்கள் வாசகத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

திறப்பு விழாவுக்கு எங்கள் தெருவே குளித்துத் துவைத்து உடுத்திக்கொண்டு வந்தது. என் மனைவி கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். படிமேல் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர் எங்களைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நடுப்படியில் நின்ற இடத்திலேயே நின்றார். முன்னால் போன பெரியவர்கள் தயங்கினார்கள். பக்கத்தில் சுவர் நல்ல நிழலோடு வளைந்து போயிற்று, அவர்கள் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள், நானும்தான். நான் தேய்த்து வழவழப்பாக்கிய கல்லை என் கையே தடவிக்கொண்டு வந்தது. வளைவு முடிந்த இடத்தில், சமையல்கட்டுக்குப் பின்னால், மண்தரையில் தண்ணீர் தெளித்து எங்களுக்கென்று இலை போட்டிருந்தார்கள்.

என் மனைவி இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ கட்டுன சுவருதானே. வழி தப்பாம கொண்டாந்து விட்டுடுச்சு" என்றாள். தலையைத் தூக்கினேன். மாடி பால்கனியில் நீங்கள் நின்றிருந்தீர்கள். என் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டீர்கள். நானும் அவளும் சாப்பிடாமல் வந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள், பசி.

மறுநாள் நானே உங்களிடம் வந்தேன். "யாராவது உங்களைத் தடுத்தாங்களா? ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டீர்கள். "கமிட்டில, வாசல்ல ஆளைப் போட்டுத் திருப்பி அனுப்பணும்னாங்க மேஸ்திரி. அந்த அவமானம் உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் இப்படிச் செஞ்சேன்."

"ஆள் நின்னு தள்ளியிருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன் சார். போலீசுக்குப் போயிருப்பேன். செவுத்துக்கிட்ட என்னா சண்டை போடுவேன்?"

நீங்கள் மறுபடியும் பென்சிலைச் சீவினீர்கள். மத்தியான நேரம்தான். நான் களிச்சட்டியைத் திறக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உங்களை நான் பார்க்கவே இல்லை.

அதன் பின் பலகையை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் என்ன பயன்? எந்த ஊருக்குப் போனாலும் என் கைவேலைக்குப் பிறந்த குட்டிகள் நிற்கின்றன. அடுப்பில் வைக்கக் கோடாலியோடு இரண்டு முறை உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல வளைவு, கை வரவில்லை. அதற்கும் உங்களைத்தான் திட்டினேன்.

நேற்று வந்தவரோடு பஸ் ஏறிப் பர்கூருக்குப் போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் சேரப்போகிறார்கள். இடத்தைப் பார்த்தேன், பலகையைத் தரையில் வைத்தேன், திருப்பிப் பிடித்தேன். வளைவு உள்ளே போயிற்று. சுண்ணாம்புப் பொடியால் முகப்பு முழுவதையும் கோடு போட்டேன். கமிட்டிக்காரர், "மண்டபத்துல வேற மாதிரி இருந்துதே" என்றார். "இதான் சாரு மொதல்ல வரைஞ்சது" என்றேன்.

மனைவியிடம், இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து பார் என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது கோடியிலிருந்து நடந்தாள். பிறகு வலது கோடிக்குப் போய் மறுபடியும் நடந்தாள். ஒவ்வொரு அடியாக, சந்தேகத்தோடு. நின்றுவிட்டுச் சொன்னாள்: "எந்தப் பக்கம் வந்தாலும் வாசலுக்குத்தான் வருது."

பலகை ஒன்றுதான் சார். திருப்பிப் பிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. இத்தனை வருஷமும் உங்கள்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச இரக்கம் எல்லாம், பாவம், மனிதருக்கு வேறு வழி தெரிந்திருக்காது என்பதுதான். நேற்று அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் நின்றபோது அதுவும் போயிற்று. அந்த வழியை எனக்குக் காட்டியதே நீங்கள்தானே.