ஆணிக்கு ஏது ரெண்டு பல்லு?

மதினி,

நேற்று மகள் வீட்டுக் குளியலறையில் சிவப்பு சோப்புக்கட்டி ஒன்றைப் புதிதாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்ததுமே அந்தக் காரவாடை மூக்கில் ஏறியது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும், நீங்கள் பின்னால் நின்று கவனிப்பதுபோலவே இருந்தது.

அஞ்சாப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும். வாயால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா நீங்கள். புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், வ. புதுப்பட்டியில் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். வந்த நாளிலிருந்து நீங்கள் என்னை நம்பியதில்லை. நான் காய்ச்சிய பாலை மோந்து பார்ப்பீர்கள். நான் சிரித்தால் எதற்குச் சிரித்தேன் என்று பார்ப்பீர்கள். நானும் உங்களை நம்பியதில்லை. என் மகளை மடியில் போட்டு நீங்கள் தலை சீவும்போதெல்லாம், பிள்ளையைத் தனதாக்கப் பார்க்கிறாரோ என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

நமக்குள் பெரிய சண்டையே அந்த நாய்தான். ராஜபாளையத்தில் என் அப்பா வீட்டிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். பம்புசெட்டில் அது படுத்திருந்தால் வேற்றாள் வரப்பில் கால் வைக்க மாட்டான்.

“ஏட்டி, நாயா வளக்க? பொறந்த வீட்டுப் பவுசையில்ல சங்கிலி போட்டு வளக்க” என்பீர்கள்.

“எங்க ஊரு நாய் மதினி. தெரு நாய்கூடச் சேராது” என்பேன்.

மகள் ரெண்டாப்பு முடித்த கோடை அது. எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ. வெறிபிடித்த மாதிரி அலைந்த ஒரு தெரு நாயோடு நம் நாய் பருத்திக் காட்டில் கட்டிப் புரண்டு, காது கிழிந்து வந்தது. மஞ்சளைப் பூசி மறைத்துவிட்டேன். வெறி என்பது குப்பையில் அலைகிற நாய்களுக்கு வருவது, நல்ல சாதி நாய்க்கு வராது என்று நினைத்தவள் நான்.

மூன்று வாரம் கழித்து, காலையில் சோறு வைக்கப் போன மகளின் மணிக்கட்டை அது கவ்விவிட்டது. பெரிய காயம் இல்லை. ரெண்டு புள்ளி. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினேன். “ஆணி கீச்சிருச்சுன்னு சொல்லணும், என்ன?” என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெரிந்தால் ஆம்பளைகள் பொழுது சாய்வதற்குள் நாயைக் கம்பால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதைவிட, நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள்.

சாயங்காலம் நீங்கள் அவள் கையைப் பிடித்தீர்கள்.

“கையில என்னட்டி?”

மகள் என்னைப் பார்த்தாள்.

“கதவு ஆணி கீச்சிருச்சு மதினி” என்றேன்.

கையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். “ஆணிக்கு ஏது ரெண்டு பல்லு? ஆணி கீச்சுனதுக்கு எவ சுண்ணாம்பு தடவுவா?”

“இருந்ததைத் தடவுனேன்.”

“நாய் தண்ணி குடிச்சுச்சா?”

“வெயிலுக்கு மந்தமா கெடக்கு.”

“மந்தமா கெடக்கா? கொரலு மாறிப்போச்சு, கட்டையப் போட்டுக் கடிக்கு. பொய் சொன்னது போதும், அந்தச் செவப்புச் சோப்ப எடு.”

அடிபம்புக்கு இழுத்துப்போனீர்கள். நான் அடிக்க அடிக்க, நீங்கள் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். சோப்பு பாதி கரைந்தது.

“எரியுது அத்தை!”

“எரியட்டும் தாயி. உங்க ஆத்தா பொய்யும் சேந்து போகட்டும்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். தம்பியிடம் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “கடிச்சத நான்தாம்லே பாத்தேன். இவ அடுப்படில இருந்தா, இவளுக்குத் தெரியாது.” எதற்கு என்னைக் காப்பாற்றினீர்கள்? பிறகு ஒருநாள் என் குடுமியைப் பிடிக்கத்தான் இதைக் கையில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, பதினாலு நாள். “நீ வந்தா அழுவ, புள்ள பயந்துரும்” என்று என்னை ஒருநாளும் கூட்டிப்போகவில்லை. வீங்கின வயிற்றோடும் வாய் நிறையப் பால்கோவாவோடும் மகள் வருவாள். அத்தை பக்கத்தில்தான் படுப்பேன் என்பாள். என் வயிறு எரியும்.

நாயைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கச் சொன்னாராம் டாக்டர். “நீ கிட்டப் போகாத, நான் வைக்கேன்” என்று சோற்றுத் தட்டை நீங்களே நீளக் கம்பால் தள்ளிவைப்பீர்கள். அஞ்சாம் நாள் காலையில் நாய் விறைத்துக் கிடந்தது.

நாய்க்கு வெறி என்ற உங்கள் பேச்சு நிலைக்க வேண்டும் என்று சோற்றில் விஷம் எதையோ வைத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு மாதம் உங்கள் முகம் பார்த்துப் பேசவும் இல்லை.

பொறவுதான் எதிர்வீட்டுப் பசுவுக்கு வந்தது. அதையும் அதே தெரு நாய்தான் கடித்திருந்தது. வாய் ஒழுக, தொட்டித் தண்ணீரைக் கண்டு மிரண்டு, கத்திக் கத்தி மூன்றே நாளில் செத்தது. தெருவே வாசலில் நின்றது. நீங்கள்தான் நடுவில் போய் நின்று கத்தினீர்கள்: “மாட்டு வாயில கை விட்டவன் எவம்லே? மறைக்காம சொல்லுங்க. மறைச்சா மருந்து கெடையாது, மண்ணுதான்!” ரெண்டு பேர் கையை நீட்டினார்கள். அவர்களையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நீங்கள் படுத்த படுக்கையானபோது, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள்.

“ஏட்டி, நாய் செத்த அன்னிக்கு நாங்க பஸ்ஸுக்குப் போன பொறவு, அந்தத் தட்டு எடம் மாறிக் கெடந்துச்சே. நீதான நகத்துன?”

“பூனை தட்டியிருக்கும் மதினி.”

“சரி, பூனையாவே இருக்கட்டும்.” அவ்வளவுதான்.

பேத்திக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல், வாயிலும் அவள்தான் முதல். முழங்காலில் கீறலோடு வந்து, “சுவத்துல ஒரசிருச்சு ஆச்சி” என்றால் நான் நம்புவதில்லை. அவள் காலை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். “சுவத்துக்கு ஏதுட்டி பல்லு?” என்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். கை தானாகத் தன் வயிற்றுக்குப் போகும். அந்தக் கையைப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

பூனை இல்லை மதினி. நான்தான். நீங்கள் என் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும், கம்பால் தட்டை இழுத்து, குனிந்து மோந்து பார்த்தேன். சோற்று வாடையும், உங்கள் சோப்பு வாடையும்தான் இருந்தன.