பெண்குரல் வருகிற இடம்

மார்ச் 4

வருஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோவியத் கலைந்து இரண்டாவது குளிர்காலம் போன வருஷம். ஏரியில் சரக்குக் கப்பல்கள் நின்று, பாலிக்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்த வருஷம். பூம் கணவாயில் பாறை உருண்டு பக்கத்து வீட்டு மோல்தாலியின் பேருந்துக் கண்ணாடி முழுசாக நொறுங்கி, அவன் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்து இறங்கிய வருஷம். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் 'இருக்கியா' பாட்டைச் செய்தேன்.

இதை இன்று சொல்லக் காரணம் ஒரு தொலைபேசி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அய்ஜாத் என்று ஒரு பெண். நடன நிகழ்ச்சிகள் நடத்துகிறவளாம். என் பாட்டில் ஒரு நிமிஷத் துண்டு எங்கோ அவள் காதில் விழுந்திருக்கிறது. ஏப்ரல் 26 சனிக்கிழமை நான் வந்து, அதே கீபோர்டில், தனியாக, முழுப் பாட்டையும் வாசிக்க வேண்டுமாம். "பழைய சத்தம் அப்படியே வேணும் பெய்ஷென் அத்தா. அதுக்குத்தான் ஆடப்போறாங்க" என்றாள், பேத்தி தாத்தாவைக் கூப்பிடுவது போல.

எழுபத்தாறு வயதில் யாராவது கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சரி என்றேன்.

மார்ச் 5

காற்று. ஜன்னல் இடுக்கில் துணி திணித்தேன்.

மார்ச் 11

அய்ஜாத் போட்டோ எடுக்க வந்தாள். கீபோர்டை அவளுக்குக் காட்டினேன். துறைமுகத்துக் கலைமன்றத்தை மூடியபோது சிலர் நாற்காலி எடுத்துக்கொண்டார்கள், சிலர் திரைச்சீலை, எனக்கு இது. பீட், பேஸ், அந்தக் கண்ணாடி மணி போன்ற சத்தம், எல்லாம் நானே காதால் தேடித் தேடி உள்ளே சேர்த்து வைத்தவை. எத்தனையாவது பட்டனில் எது என்று விரலுக்குத் தெரியும்.

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். இது எவ்வளவு நாளாக இப்படி மின்னுகிறது என்று கேட்டாள். இரண்டு வருஷமாக என்றேன். மின்னும், வலது பட்டனை அமுக்கினால் போய்விடும்.

"அத்தா, பேட்டரி சாகப்போகுதுன்னு எழுதியிருக்கு. செத்தா உள்ள இருக்கிற எல்லாம் போயிடும். படிக்கலையா?"

கண்ணாடி இல்லை என்றேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மந்தையோடு வளர்ந்தவன், பிறகு பள்ளியில் உட்கார வைத்தபோது எழுத்துகள் நீந்திக்கொண்டே இருந்தன. என் மனைவி அனார்குலுக்கு மட்டும் தெரியும். அவள் போய் ஆறு வருஷம். அதனால்தான் எழுதாமல், தேதியைச் சொல்லிவிட்டு இந்த டேப் ரிக்கார்டரில் பேசுகிறேன். இதுதான் என் நாட்குறிப்பு.

மார்ச் 18

சந்தையில் ரேடியோ பழுது பார்க்கும் கொரியன் பாக்கிடம் போனேன். உள்ளே இருப்பதை ஒரு கார்டில் நகல் எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றலாம், கார்டு வந்துசேர ஏப்ரல் மூன்றாம் தேதி ஆகும் என்றான். அதுவரை செருகியே இருக்கட்டும். மின்சாரம் போய் வந்தால் திரையில் ஒரு கேள்வி வரும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். "படிச்சுப் பாருங்க பெரியவரே, புரியுதா?"

காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மார்ச் 27

மோல்தாலி போய்விட்டான். காலை ஏழு மணிக்கு, தேநீர்க் கிண்ணம் கையில் இருக்கும்போதே.

மார்ச் 30

அடக்கம் முடிந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டு அவனை வைத்திருந்தார்கள். ஆண்கள் நாங்கள் தடி ஊன்றி, வாசலிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு போனோம். "என் பிறப்பே, என் மலையே" என்று அழுதேன். வழக்கத்துக்கு அழ ஆரம்பித்தேன். பாதியில் அது வழக்கமாக இல்லை.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நாற்பதாம் நாள் மே 5. அதுவரை இந்தத் தெருவில் ரேடியோகூடப் பாடாது. சுவரைப் பங்கிட்டவனுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

நிகழ்ச்சி ஏப்ரல் 26.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டில் ஒரு பெண்குரல் "இருக்கியா?" என்று கேட்கும், நான் "இருக்கேன்" என்பேன், உடனே பீட் விழும். அந்தப் பெண்குரல் மோல்தாலியின் மனைவி புருலுடையது. ஒரு பேருந்து ஓட்டுநரின் பெண்டாட்டி கேசட்டில் பாடினாள் என்றால் சந்தை முழுக்க நாக்கு நீளும் காலம் அது. அவன் பிஷ்கெக் போயிருந்த பகலில், என் வீட்டில், கம்பளியால் ஜன்னலை மூடிப் பதிவு செய்தோம். ரிக்கார்டரைக் கொண்டுவந்தது என் சிநேகிதன் ஒஸ்கோன். கைதட்டியது அவன் மனைவி ராயா. பாட்டு முடிகிற இடத்தில் தெருவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அதுவும் கேசட்டில் ஏறிவிட்டது. என் சாமர்த்தியம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மோல்தாலி அந்தக் கேசட்டை இருபது வருஷம் பேருந்தில் போட்டான். யார் குரல் என்று தெரியாமலே.

ஏப்ரல் 2

போச்சு.

மத்தியானம் காற்றில் மின்சாரம் போய் வந்தது. திரையில் எழுத்து. காகிதத்தை எடுத்தேன். எடுத்து? என்ன செய்ய? பாக்கிடம் ஓடியிருக்கலாம். தெருவில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கை பழக்கத்தில் வலது பட்டனுக்குப் போனது. மறுபடி ஏதோ கேட்டது. மறுபடி வலது.

ஹெட்போனை மாட்டி வாசித்தேன். கடையில் வாங்கிய புதுப்பெட்டி மாதிரி ஏதோ ஒரு பியானோ.

ஏண்டா அமுக்கின? ஒரு வார்த்தை, படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் அழுகியா போயிருக்கும்?

ஏப்ரல் 3

பாக் பார்த்தான். "அழிக்கவான்னு கேட்டிருக்கும், ஆமான்னிருக்கீங்க. நிச்சயமான்னு கேட்டிருக்கும், அதுக்கும் ஆமான்னிருக்கீங்க. எழுதிக் குடுத்தேனே பெரியவரே."

மறந்துவிட்டேன் என்றேன். அதிலும் பொய்.

புதுப் பேட்டரி போட்டான். இனி பத்து வருஷம் தாங்குமாம். உள்ளே ஒன்றுமில்லை.

ஏப்ரல் 4

சத்தத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமானால் பழையதைக் கேட்க வேண்டும். இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அய்ஜாத்திடம் இருக்கும் ஒரு நிமிஷத்தில் பாதி இரைச்சல், பேஸே கேட்காது. என் கேசட்டைத் தேடினேன். லேபிள் படிக்க முடியாதவன் என்பதால் நூல் கட்டி அடையாளம் வைப்பேன். பாட்டுக்குச் சிவப்பு நூல். சிவப்பு நூல் கேசட்டைப் போட்டால் என் குரல்: மூன்று வருஷத்துக்கு முன், மூட்டுவலி, வெங்காயம், பக்கத்துத் தெரு நாய். எப்போதோ நூலைப் பார்க்காமல் எடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். என் பாட்டின் மேல் நானே வெங்காயத்தைப் பேசி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று மோல்தாலியின் பேருந்துக் கேசட். அது துக்க வீட்டில்.

ஏப்ரல் 9

ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்தேன். ஓதினார்கள். கையேந்தி வேண்டிக்கொண்டோம். மோல்தாலியின் தம்பி சாதிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்துவிட்டேன். எப்படிக் கேட்பது? புருஷனைப் புதைத்துப் பத்து நாள்தான் ஆகிறது, ஆட்டப் பாட்டு கேசட் கொடு என்றா?

அய்ஜாத் மூன்று தடவை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 12

கேட்டேன்.

வந்தவர்கள் போய், சாதிக் ஆட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருந்த நேரம். புருல் கறுப்புத் துணியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முழுசாகச் சொன்னேன், நிகழ்ச்சி, பேட்டரி, அழிந்தது. படிக்கத் தெரியாததை மட்டும் விட்டுவிட்டேன். திட்டினால் திட்டட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்துபோய், அவனுடைய ஓட்டுநர் தொப்பி இருந்த பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்து வந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவனிடம் மறைத்துவிட்டோமே, அந்தப் பாவம் என்னுடையது என்றேன்.

"எதை மறைச்சோம்? கடைசியில ஒரு ஹாரன் கேக்குமே, அது யாருன்னு நெனச்சீங்க பாய்கே?"

அண்ணன் என்பதை அவள் 'பாய்கே' என்றுதான் சொல்வாள். தரையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

அன்று பூம் கணவாயில் பாறை விழுந்ததால் மோல்தாலி பாதி வழியில் திரும்பிவிட்டானாம். முன்கண்ணாடி இல்லாத பேருந்தை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறான். மேலே மனைவியின் குரல். பாட்டு முடிகிறவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்து, முடிந்ததும் ஹாரன் அடித்திருக்கிறான். அன்று ராத்திரி சாப்பிடும்போது, 'இருக்கியா' என்று நீ இரண்டாவது தடவை கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று மட்டும் அவளிடம் சொன்னானாம்.

"உங்ககிட்ட சொல்லாதேன்னுட்டார். பெய்ஷென் பயந்துக்கிட்டே இருக்கட்டும், அப்பதான் நல்லாப் பாட்டுப் போடுவான்னார்."

கண்ணாடி நொறுங்கியதும் பாட்டுப் போட்டதும் ஒரே வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே நாள்.

ஏப்ரல் 15

கேசட் இருக்கிறது. காது இல்லை. எழுபத்தாறு வயதுக் காதுக்குப் பேஸ் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. இருபது வருஷம் அந்தப் பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டவள் புருல். அவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது.

கீபோர்டைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். விருந்தாளிகளுக்குப் படுக்கை கொண்டுவருகிறேன் என்று தெரு நினைத்திருக்கும்.

ஹெட்போன் ஒன்றுதான். அதை அவளுக்குக் கொடுத்தேன். நான் ஒரு சத்தமும் கேட்காமல் வாசித்தேன். அவள் முகத்தைப் பார்த்துத் திருத்தினேன். "இன்னும் தடிமனா." "இல்ல, இது கொதிக்கிற தண்ணி. அது உருளும்." சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தபால் தந்தி ஆபீசில் வேலை பார்த்து, கட்டணத்துக்கு எழுத்து எண்ணியவள் அல்லவா, அந்த முகம்.

நடுவில் செருப்புச் சத்தம். மெத்தைகளை இழுத்து மேலே போட்டோம். சாதிக் வந்து அதன் மேலேயே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தான். அவன் போன பிறகுதான் மெத்தைகளைத் தூக்கினோம்.

ஏப்ரல் 17

இன்று திரையில் ஒரு கேள்வி வந்தது. என் விரல் வலது பக்கம் போனது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "'பழையதை அழிச்சிட்டு இதை எழுதவா'ன்னு கேக்குது. இடது."

நான் கேட்கவில்லை, அவளே படித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் படித்தாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்றேன்.

"தபால் ஆபீசுக்கு அனார்குலைக் கூட்டிட்டு வந்து, படிவத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க. பூரா ஆபீசுக்கும் தெரியும்."

ஏப்ரல் 20

பேஸ் வந்துவிட்டது. கண்ணாடி மணியும். பெண்குரல்தான் பாக்கி. கேசட்டிலிருந்து அதை மட்டும் பெயர்த்து எடுத்துக் கொடுக்க ஆள் இருப்பதாக அய்ஜாத் சொல்கிறாள்.

ஏப்ரல் 22

சாதிக் கண்டுபிடித்துவிட்டான். மெத்தைக்கு வெளியே வயர் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் கத்தவில்லை, மோல்தாலி தன் கூடப்பிறந்த அண்ணன் என்று மெதுவாகச் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது. நாற்பது முடியாமல் நான் மேடையேறினால் மே 5 சாப்பாட்டுக்கு இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. போகவில்லை என்று அய்ஜாத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

புருல் மைத்துனனிடம் சொன்னாள்: "நாப்பது நாள் வாயை மூட வேண்டியவ நான். பாய்கே போகட்டும். என் குரல் மட்டும் போகக் கூடாது." என் பக்கம் திரும்பினாள். "அந்த இடத்தைச் சும்மா விடுங்க. மெஷினை வெச்சு நிரப்பாதீங்க. கேசட்ல இருந்தும் எடுக்காதீங்க. காலியா விடுங்க."

சாதிக் கீபோர்டைப் போர்வையில் சுற்றினான். இதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, கீழே துணி போட்டு வையுங்கள் என்றான்.

ஏப்ரல் 27

திரும்பி வந்துவிட்டேன்.

கூடம் சின்னது. இருநூறு பேர் இருக்கும். முதல் பீட்டிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பெண்குரல் இல்லாமல் வரப்போகிற இடத்தை எண்ணிக்கொண்டே வாசித்தேன். நான்கு தட்டு வெற்று இடம். ஆடுகிறவர்கள் காலில் நான்கு தட்டு என்பது ஒரு கிணறு. விழுந்தால் எழமாட்டார்கள்.

வந்தது. எல்லாச் சத்தமும் நின்றது. கூட்டம் தடுமாறி ஒருவரை ஒருவர் பார்த்தது. பின்னால் யாரோ மின்சாரம் போய்விட்டது என்றான். நான் "இருக்கேன்" என்றேன். பீட் விழுந்தது.

இரண்டாம் தடவை யாரும் பேசவில்லை. மூன்றாம் தடவை தூக்கிய கால்கள் தூக்கியபடி நின்றன. நான் பதில் சொல்கிறவரை ஒரு காலும் தரையைத் தொடவில்லை.

இறங்கியதும் அய்ஜாத் அந்த இடத்தை எப்படி யோசித்தேன் என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை, பக்கத்து வீட்டில் யோசித்தார்கள் என்றேன். பேட்டி எடுக்க ஒருவன் காகிதம் நீட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, நீயே படித்துக் காட்டு என்றேன். படித்துக் காட்டினான். அவ்வளவுதான் விஷயம்.

மே 6

நேற்று நாற்பது. பொரித்த மாவின் எண்ணெய் வாசனை இன்னும் தெருவில் இருக்கிறது. சாதிக் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புருல், இனிமேல் போடலாம் என்றாள். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு வாசித்தேன். அந்த இடம் வந்தது. விட்டேன். சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பதில் சொன்னேன்.

அந்தப் பகலில் இருந்தவர்களைச் சொல்லி வைக்கிறேன், கேசட்டில் இடம் இருக்கும்போதே. ரிக்கார்டர் கொண்டுவந்த ஒஸ்கோன், ஏரிக்கரையோரப் பனிக்கட்டி உடைந்து மூழ்கிப் போனான். கைதட்டிய ராயா ரஷ்யாவில், சரடோவில், மகள் வீட்டில் உயிர் விட்டாள். ஜன்னலுக்குக் கீழே, கண்ணாடி இல்லாத பேருந்தில், மோல்தாலி. என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் இருப்பது, கேள்வி கேட்டவள். புருல்.