மெழுகுக் கட்டி இளைக்காது

மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு இன்று ஏசி மாட்டினார்கள். மாப்பிள்ளை என்று நான் பெயர் வைத்திருப்பது ஆறு மாதத்துக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வந்து இறங்கிய ஸ்கேனருக்கு. ஈரல் சீவல் ஒட்டிய கண்ணாடியை உள்ளே தள்ளினால் போதும். படம் எடுத்து, ஈரலில் நூற்றுக்கு எத்தனை பங்கு தழும்பு என்று தானே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்தச் சீவலைச் சீவி, தழும்பு மட்டும் சிவப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றித் தருவது இருபத்திரண்டு வருடமாக நான்தான். எனக்கு இன்னும் ஃபேன்தான்.

மார்ச் 4, புதன்

மாத்திரை ஆய்வின் முடிவு வந்துவிட்டது. கொழுப்பு ஈரலுக்குப் புது மாத்திரை சாப்பிட்டவர்கள் இருபத்தாறு பேர். போன வருடம் ஊசியால் எடுத்த துணுக்கு ஒன்று, இந்தப் பிப்ரவரியில் எடுத்தது ஒன்று. எல்லோருக்கும் தழும்பு பாதியாகக் குறைந்திருக்கிறது என்கிறது மாப்பிள்ளை. ஈரல் டாக்டருக்குக் கால் தரையில் இல்லை.

பதினேழாம் எண்: 14-லிருந்து 6.

அது யார் என்று எனக்குத் தெரியக் கூடாது. ஆனால் தெரியும், அந்தத் துணுக்கு வந்த அன்று ஊசி போட்டது ஒரே ஆளுக்குத்தான். என் தம்பி.

சோடாவைத் தவிர எதையும் குடிக்காதவன். "குடிச்சாதானே ஈரல் கெடும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போனான். தொலைதூர லாரியை விட்டுவிட்டு கிடங்கு வேலைக்குப் போய், தினமும் நடந்து பதினோரு கிலோ குறைத்தான். குறைந்துவிட்டதடா, குறைந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

தம்பி போன் செய்தான். "அக்கா, வெறும் ஆறுதானாம். இனிமே ஆறு மாச ஸ்கேன்கூட வேணாம்னுட்டாரு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து மறுபடி லாரிதான்."

முற்றிய தழும்பில் கட்டி ஏதும் முளைக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த வயிற்று ஸ்கேன். இனி தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நின்று நன்றாக அழுதேன்.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் மேடம் முப்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் ஈரல் பார்க்கிறவர். இன்று பதினேழாம் எண்ணின் இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. என் மூக்குக்கண்ணாடி பவர் மாத்தணுமோ என்னவோ."

எரிச்சலாக வந்தது. நல்லது நடந்தால் நம்ப மாட்டார்களா?

மார்ச் 9, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேடத்தின் அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. இன்று யாரும் பார்க்காத ஒரு எண்ணைத் தேடிப் பார்த்தேன்.

ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் பழைய மெழுகுக் கட்டி ஒன்றிலிருந்து ஒரு சீவலைக் கூடவே சேர்ப்பேன். சாயம் சரியாகப் பிடித்ததா என்று ஒப்பிட. எட்டு வருடமாக பீரோவில் கிடக்கும் ஈரல் அது. மாப்பிள்ளை அதையும் அளந்து வைத்திருந்தது. மற்ற மாதங்களில் 9. பிப்ரவரியில் 4.

பீரோவில் கிடக்கிற மெழுகுக் கட்டி வாக்கிங் போகுமா?

பிப்ரவரியில் அசிட்டிக் அமிலம் தீர்ந்துபோயிருந்தது. சாயம் ஏற்றியதும் அமிலம் கலந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். நான் வெறும் தண்ணீரில் அலசினேன். மாப்பிள்ளை வருவதற்கு முன்பு, புட்டி வராத நாளெல்லாம் செய்ததுதான். தழும்பின் மெல்லிய நாரிலிருந்து கொஞ்சம் சிவப்பு கழலும், அவ்வளவுதான். மேடம் கண் ஈரலின் அமைப்பைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் மாப்பிள்ளை சிவப்பை மட்டும்தானே எண்ணும்? குறைந்தது தழும்பு இல்லை. சாயம்.

நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

யாருக்கும் தெரியாது. தெரியவும் போவதில்லை. அவன் எவ்வளவு சந்தோஷமா இருக்கான்... இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஸ்கேன் வேணாம்னு சொல்லி லாரியில ஏத்தி அனுப்பிட்டு, உள்ளே கட்டி முளைச்சா? நாளைக்குச் சொல்கிறேன். காலையில், முதல் வேலையாக.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மேடம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஈரல் டாக்டர்தான் குதித்தார். "இன்னும் ஒன்பது நாள்ல கருத்தரங்குல இதைப் படிக்கணும். இப்பதான் ஞாபகம் வந்துச்சா உங்களுக்கு?"

"பத்தாவது நாள் வந்திருந்தா இன்னும் மோசம் சார்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று தெரியவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். இரண்டே வரியில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு துணுக்கையும் புதிதாகச் சீவப் போகிறேன். ஒரே தொட்டி, ஒரே சாயம், அமிலத் தண்ணீர்.

மார்ச் 13, வெள்ளி

முப்பத்தெட்டு முடிந்தது. கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. பதினேழாம் எண்ணின் இரண்டும் அதில் அடக்கம்.

மார்ச் 17, செவ்வாய்

பழைய கட்டி: 9. சாயம் சரி.

இருபத்தாறு பேரில் உண்மையாகவே குறைந்தது ஐந்து பேருக்கு. பதினேழு அதில் இல்லை. 14, 13. ஒரு புள்ளி வித்தியாசம் கணக்கிலேயே சேராது என்கிறார் மேடம்.

மார்ச் 18, புதன்

டாக்டர் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேரே என் மேசைக்கு வந்தான்.

"பதினோரு கிலோக்கா. ஒரு வருஷம். ஒரு புள்ளியா?"

"ஏறலடா. ஏறாம நிறுத்தியிருக்கே, அதுவே..."

"உன் கைத் தப்புக்கு என் ஈரல்தான் கிடைச்சுதா?"

ஸ்கேனை விட்டுடாதே என்று மட்டும் சொன்னேன். பாதி கேட்கும்போதே போய்விட்டான்.

ஜூன் 14, ஞாயிறு

மூன்று மாதம். போனை எடுப்பதில்லை. லாரிக்குப் போகவில்லை, தினமும் நடக்கிறார் என்று தம்பி மனைவி சொன்னாள். ஸ்கேனுக்கு வருவானா என்று கேட்டால், "நான் கேட்டா கத்துறாரு அண்ணி" என்கிறாள்.

இனி அமிலப் புட்டி இல்லாத நாளில் சாயம் ஏற்றுவதில்லை. டாக்டரே வந்து நின்றாலும் நாளை வாருங்கள்தான்.

ஆகஸ்ட் 20, வியாழன்

தம்பிக்கு இன்று ஸ்கேன் நாள். ஸ்கேன் அறை தரைத்தளத்தில். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் காலையிலிருந்து மூன்று முறை அந்தப் பக்கம் போய்வந்தேன். மூன்றாவது முறை, வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். இன்னும் இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

போய்விடலாமா என்று நின்றேன். அவன் சுவரைப் பார்த்தபடியே பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டியாடா?"

"வெறும் வயித்தோடதான் வரச் சொன்னாங்க" என்றான். "இது உனக்குத் தெரியாதா?"