ஈயம் போன அண்டா

ஸ்டெல்லா கொண்டுவந்த போத்தல் என் மேசைமேல் இருக்கிறது. போத்தல் என்று எழுதுகிறேன், பாருங்கள். பள்ளி விடுதியில் எல்லோரும் பாட்டில் என்றார்கள். கண்டித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டிலிருந்து கப்பலேறி வந்த நீங்கள் மட்டும் கடைசிவரை போத்தல் என்றீர்கள். மூடியைத் திறந்ததும் தவிட்டுப்பழ வாசனை அறை முழுவதும் பரவிவிட்டது. விடுதிக்காரர்கள் இப்போது நாம் செய்த அந்தப் பானத்தைச் சீசனுக்கு மலைக்கு வருகிறவர்களுக்கு விற்கிறார்களாம். ஒட்டியிருந்த தாளில், இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயர் போட்டிருக்கிறது.

"மிஸ், நம்ம சமையலம்மா போன மாசம் வத்தலக்குண்டுல தவறிட்டாங்க, தெரியுமா?" என்றாள் ஸ்டெல்லா. விடுதியில் வளர்ந்த பெண். இப்போது வில்பட்டிச் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கிறாள். தெரியாது என்றேன். "பாவம். எங்களுக்கு விஷத்தக் குடுத்துட்டாங்கன்னாலும் நல்ல மனுசி" என்றாள்.

இறந்தவர்களுக்கு எழுதினால் வருத்தமாக எழுதவேண்டும் என்பார்கள். எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. அதில் பெரும்பங்கு என்மேல். ஆனால் உங்கள்மேலும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் நான் மனையியல் பட்டத்தோடு மலைக்கு வந்தேன். பள்ளியில் பாடம், விடுதியில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொறுப்பு. பாதிப் பிள்ளைகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. பழம் வாங்க விடுதியில் வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் காட்டுப் புதரில் பறித்த தவிட்டுப்பழத்தை முந்தானை நிறையக் கொண்டுவந்து கொட்டினீர்கள். இதில் என்ன சத்து இருக்கிறதென்று எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்றேன்.

"புத்தகம் எழுதுனவங்க இந்தப் பக்கம் வரல போல, டீச்சரம்மா" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அப்படித்தான் தொடங்கினோம். பழத்தின் தலையில் இருக்கும் காய்ந்த இதழைக் கிள்ளி, மேல்தவிட்டைத் துடைத்து, கையால் பிசைந்து, மல்துணியில் வடிகட்டுவீர்கள். உங்கள் விரல்கள் சீசன் முழுவதும் ஊதா நிறத்திலேயே இருக்கும். அய்யம்பாளையத்திலிருந்து வரும் எலுமிச்சையைச் சேர்க்கச் சொன்னது நான். சாற்றைக் கொதிக்கவைக்காமல், சீனிப்பாகை மட்டும் காய்ச்சி ஆறவிட்டுக் கலக்கச் சொன்னதும் நான். போத்தல்களை வெந்நீரில் வேகவைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, நிரப்பி, வாயில் மெழுகு ஊற்றி மூடவேண்டும். "கொழந்தப் பிள்ளைக்கு மருந்து குடுக்குற மாதிரியில்ல இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தீர்கள். முதல் இரண்டு வருடத்தில் ஒரு போத்தல்கூடப் புளித்துப் பொங்கவில்லை. பிள்ளைகளின் ஈறும் தேறியது.

மூன்றாவது வருடம் பழம் அதிகம். பானம் கலந்து முடித்த சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டது. போத்தல்கள் காயவில்லை. விடியும்வரை எதில் வைப்பது? நீங்கள் ஊறுகாய் ஜாடிகளைக் கழுவி எடுத்துவந்தீர்கள். எனக்கு அருவருப்பு. எண்ணெய் ஊறிய ஜாடி சுத்தமில்லை, பித்தளை அண்டாவில் ஊற்றுங்கள் என்றேன்.

நீங்கள் அண்டாவை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினீர்கள். "அடி மஞ்சளாத் தெரியுது, டீச்சரம்மா. ஈயம் போயிருச்சு. பூசுறவரு இந்த வருசம் மேல வரவே இல்ல. புளிப்பு பட்டாக் களிம்பேறிரும்."

"ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. இவ்வளவு சீனி இருக்கிறது" என்றேன். நீங்கள் அண்டாவில் ஊற்றி மூடினீர்கள்.

என்ன படித்துவிட்டு அதைச் சொன்னேன்? அமிலமும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்தால் விஷம் என்பதை நான் பரீட்சையில் எழுதித் தேறியவள். தெரியாமல் சொல்லவில்லை. ஊறுகாய் ஜாடியோடு வந்து நிற்கும் சமையல்காரி சொல்லி நான் கேட்பதா என்ற நினைப்பில் சொன்னேன்.

காலையில் நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். முதல் பந்திப் பிள்ளைகளுக்கு அண்டாவிலிருந்து நானே மொண்டு கொடுத்தேன். சற்று நேரத்தில் ஒவ்வொருத்தியாக வாந்தி எடுத்தார்கள். ஸ்டெல்லாதான் மிகவும் சின்னவள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்லோரும் பிழைத்தார்கள். கொடுத்தவள் நான் என்று கண்ணால் பார்த்த பிள்ளைகள்கூட, ஆக்கியவர் நீங்கள் என்பதால் உங்களைத்தான் சொன்னார்கள்.

விடுதியை நடத்திய மதர் நம் இருவரையும் கூப்பிட்டார். "அண்டாவில் வைத்தது யார்?"

"நாந்தான் மதர். வெவரம் தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றீர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மதர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தது வேறு: "பித்தளையில் புளிப்பை வைக்கக்கூடாது." வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரலில். நீங்கள் தலையை ஆட்டினீர்கள், இப்போதுதான் கற்றுக்கொண்டவர் மாதிரி. அந்தத் தலையாட்டலை என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றே உங்களுக்கு வேலை போயிற்று. வேலையோடு சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையும் போயிற்று. இந்தியா வந்து உங்களுக்குக் கிடைத்த ஒரே கூரை அது. தகரப்பெட்டியோடு நின்றவரிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்க சோலி போச்சுன்னா பிள்ளைகளுக்கு இதெல்லாம் யாரு பாப்பா? எனக்கு அடுப்பு எங்கனயும் கெடைக்கும்" என்றீர்கள். "பஸ்ஸு வந்துரும், வெரசாப் போகணும்."

யார் கேட்டார்கள் உங்களை? என் வேலைக்கும் உங்கள் கூரைக்கும் எது பெரிது என்று நிறுத்துப் பார்க்கும் உரிமையை யார் கொடுத்தது? நீங்கள் அந்த நொடி பேசாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அது தெரியவே வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். அதுதான் என் கோபம்.

இதுவும் நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் எத்தனையோ முறை மதுரைக்குப் போகும்போது, நீங்கள் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்ட வத்தலக்குண்டில் பஸ் நின்றது. இறங்கி விசாரித்திருக்கலாம். ஜன்னலோரத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கும் நீங்களா காரணம்?

ஸ்டெல்லாவை உட்காரவைத்துச் சொன்னேன். "அண்டாவில் ஊற்றச் சொன்னது நான். வேண்டாம் என்றது அவர்."

அவள் போத்தலை மேசையின் உள்பக்கம் நகர்த்தி வைத்தாள். "விடுங்க மிஸ். தெரியாம நடந்ததுதானே."

"இல்லை. அவர் சொன்ன பிறகுதான் செய்தேன்."

"எந்தக் காலத்துலயோ நடந்தது மிஸ். இப்ப எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிறீங்க?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

எனக்கு மன்னிப்பு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது, கேட்காமலே. செய்யாத தப்புக்கு நீங்கள் சாகும்வரை விஷம் கொடுத்தவராகவே இருந்தீர்கள். விடுதிக்கு எழுதியிருக்கிறேன்: என் பெயரை எடுக்கவேண்டும், அண்டாவில் வைக்கச் சொன்னவள் நான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று. இனி யாரும் என்னை வேலையைவிட்டு அனுப்பப்போவதில்லை; அதனால் இது பெரிய தைரியமும் இல்லை.

என் வீட்டில் இப்போது எல்லாம் எவர்சில்வர். ஈயம் பூசுகிறவருக்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் எதையாவது ஊற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து அடியைப் பார்க்கிறேன். தண்ணீர் ஊற்றினாலும் பார்க்கிறேன்.