கடலடியில் நாம் உட்கார்ந்திருந்தபோது

அன்று நீ படுத்துக்கொண்டே பேசுகிறாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை.

சிறுசேரி அலுவலகத்தின் அதே சின்ன அறையில்தான் இப்போதும் கண்ணை மூடும் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன். மாட்டியதும் மாமல்லபுரத்துக் கடலடி காலுக்குக் கீழே விரிகிறது. படகிலிருந்து ஒலி அனுப்பி அளந்த ஆழங்களெல்லாம் மேடும் பள்ளமுமாக நிற்கின்றன. செங்கல்பட்டிலிருந்து மோகன் அண்ணன், கோவளத்து வீட்டிலிருந்து நீ, இங்கே நான். மூவரும் அதன்மேல் நடந்து, விரல் நீட்டிப் பேசுவோம். அங்கே நமக்கு ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும்தான்.

உனக்குத் தொற்று வந்துவிடும், யாரும் உன்னை நேரில் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நீ எங்களோடு சேர்ந்தாய். உன்னைப் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன்.

தலை எந்த உயரத்தில் தெரிய வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைத்துவைக்கலாம். நாற்காலியில் இருந்தாலும் நீ நிற்பதுபோலவே வைத்துக்கொள்வாய். "நின்னாத்தான் வேல செய்ற மாதிரி கீது" என்பாய். அன்று மறந்துவிட்டாய். நாற்காலியில் இருந்தால் இடுப்பளவிலாவது தெரிந்திருக்கும். உன் தலை என் முழங்காலருகே மிதந்தது.

"இன்னா தங்கச்சி, பாதியாயிட்ட?" என்றார் மோகன் அண்ணன்.

"மணல எண்ணிகினு கீறேண்ணா. நீங்க உங்க வேலயப் பாருங்க."

அவர் சிரித்தார். நான் ஹெட்செட்டோடு தரையில் உட்கார்ந்தேன். நம் தலைகள் ஏறக்குறைய சமமாயின.

"நீ ஏண்டி ஒக்காந்துட்ட?"

"கால் வலிக்குது."

"பொய்யி." கொஞ்ச நேரம் உன் மூச்சு மட்டும் கேட்டது. "சரி, இரு" என்றாய்.

எதிரில் இருந்த மேடு பாறையா மணலா என்று சண்டை போட்டோம். நீ பாறை என்றாய். போன மாதம் மறுபடி அளந்தார்கள். பாறைதான். அதைச் சொல்ல நீ இல்லை.

மாலையில் அலுவலக ஷட்டில் பேருந்தில் ஜன்னலோரம் எதையாவது படித்துக்கொண்டு போகிறேன். பக்கத்து இருக்கையில் யார் என்று பார்ப்பதில்லை. இன்னொருவரின் மூச்சை அவ்வளவு அருகில் நான் கேட்டது அந்தக் கடலடியில்தான்.

நாம் அப்படிச் சண்டை போட்ட அடுத்த வாரம் நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். அன்று மதியம் கோவளத்துக்கு வந்தேன். உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

"கூட வேல பாக்கறவம்மா."

"வேலைக்கு எங்கம்மா போனா அவ? ஒரு வருசமா ஆஸ்பத்திரி, வூடுன்னுதானே இருந்தா."

அதற்குள் உன்னை எடுத்துப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள்.