கடைசி ஓவரை உன் தம்பிக்குக் கொடுக்கவில்லை, அருளு

என் உசிருக்குச் சமானமான அருளு மாப்ளைக்கு,

இந்த வருசம் கண்மாய் வற்றுவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. நீ எங்களை விட்டுப் போன ஐப்பசியில் பிடித்த மழை, தை கழிந்தும் விட்டு விட்டுப் பெய்தது. சேறு காய்ந்து தரை வெடித்த பிறகுதான் நம் பயல்கள் மண்வெட்டியோடு உள்ளே இறங்கினார்கள். வெடிப்பில் களிமண்ணை அடைத்து, தண்ணீர் தெளித்து, தார் டிரம்மில் மண்ணை ரொப்பி உருட்டிப் பிட்ச் போட்டோம். நீ இருந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து, "இங்கிட்டு ஒரு மேடு தட்டுதுடா" என்று எல்லோரையும் இன்னொரு தடவை உருட்ட வைத்திருப்பாய். மேடு அப்படியே கிடக்கிறது.

சீசனின் முதல் டோர்னமென்ட் உன் பெயரில்தான் நடந்தது. மடைக்குப் பக்கத்தில் உன் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். திருடனைப் பிடித்து நிற்க வைத்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தாய். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் பார்க்காமலே பிராக்டீஸ் பண்ணினேன்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியாதா? "டீம் எப்புடிடா எடுத்த?" என்பாய். சரி, அதையே முதலில் சொல்கிறேன். மற்றதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வர வேண்டியிருக்கிறது.

ஓப்பனிங் பழைய ஜோடிதான், வாத்தியாரும் மணியும். வாத்தியார் இன்னும் முதல் ஓவரைத் தொடுவதே இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்த மாதிரி பவ்யமாக நின்று பந்தை வழியனுப்பி வைக்கிறார். மணி நேர் எதிர். டாஸ் போடுகிற நாணயத்தைக்கூடத் தூக்கி அடிப்பான் போலிருக்கிறது. கீப்பிங்குக்கு ஆள் தேறவில்லை, நானே கையுறை மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்து, முட்டி ஒத்துழைக்காததால் விட்டுவிட்டேன். ஃபீல்டிங் வழக்கம்போல. கருவை மரத்துக்குள் பந்து போனால் தேடப் போகிறவன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறான்.

பவுலிங்தான் மாப்ள தலைவலி. நீ இருந்த வரைக்கும் அந்தக் கவலையே எனக்குக் கிடையாது. எட்டு ஓவர் மேட்ச், ஆளுக்கு ரெண்டு ஓவர். கடைசி ஓவர் உனக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பங்கு பிரித்தால் போதும். இப்போது நம் ஊரில் ஆரம்ப ஓவர் போட ஆள் இருக்கிறது, நடு ஓவர் போட ஆள் இருக்கிறது. கடைசி ஓவர் என்றால் எல்லோருக்கும் திடீரென்று தோள்பட்டை வலிக்கிறது. அது மட்டுமா? மீன்பிடித் தடைக்காலம் வேறு. படகு எதுவும் கடலுக்குப் போகாததால் ஜெகதாப்பட்டினத்துப் பயல்கள் முழு டீமோடு வந்துவிடுவார்கள். வலை இழுத்து இழுத்து அவர்களுக்கு மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அதனால் ஒரு கெஸ்ட் பிளேயரைக் கூட்டி வந்தேன். பொன்னமராவதிப் பக்கத்துப் பையன், செந்தில். இதோ, நீ முறைக்கிறாய். நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "ஊர் பேரப் போட்டுக்கிட்டு ஊர்க்காரன ஒக்கார வச்சா அது என்னடா டீமு?" கேப்டன் நான்தான் என்றாலும், நீ இருந்தவரை ஒரு வெளியூர்க்காரன் நம் சட்டையைப் போட்டதில்லை. நாமும் ஒரு தடவைகூடக் கப்பு வாங்கியதில்லை.

செந்திலைக் கூட்டி வந்தது மட்டும் என்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உன்னிடம் ரெண்டு கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

உன் தம்பி சேவியர் லீவில் வந்திருந்தான் மாப்ள.

உன் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. கத்தாரில் கிரேன் கம்பெனியில் விடவில்லை. அன்றைக்குப் போனை உன் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். வீடியோவில் அவன், "அண்ணே, இன்னுங் கொஞ்சம் கிட்டக்கக் காட்டுண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சிக்னல் போய்ப் போய் வந்தது. உன்னைக் குழிக்குள் இறக்கிய நேரத்தில் சுத்தமாகக் கட்டாகிவிட்டது. அவன் உனக்கு ஒரு பிடி மண் போடவில்லை.

அதற்காகத்தான் இந்த டோர்னமென்ட் தேதியைப் பார்த்து லீவு போட்டிருக்கிறான். வரும்போது டீமுக்கே ஜெர்சி அடித்துக்கொண்டு வந்தான். எல்லா ஜெர்சியிலும் முதுகில் 'அருள்', எல்லாவற்றிலும் உன் ஏழாம் நம்பர். ஸ்கோர் எழுதுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் ஏழுன்னா நான் யாருக்குய்யா ரன் போடுறது?" என்றார். "எல்லாத்தையும் எங்கண்ணனுக்கே போடுங்க சித்தப்பா" என்றான் சேவியர். அவர் நோட்டைத் திறந்து மேலே உன் பேரை எழுதினார்.

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ராசண்ணே, பேட்டிங்லாம் வேணாம். அண்ணன் ஓவர மட்டும் எனக்குக் குடுங்க. மண்ணுதான் போட முடியல." உங்கள் அம்மாவும் கூடவே நின்றது. "அவன் எடத்துல இவன நிப்பாட்டுய்யா, கண்ணு குளிரப் பாத்துக்கிறேன்" என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கென்னம்மா, பாத்துக்கலாம்" என்றேன். இந்தப் 'பாத்துக்கலாம்' இருக்கிறதே, இதைப் போல ஒரு அயோக்கியத்தனமான வார்த்தை நம் ஊரில் கிடையாது.

பிராக்டீஸில் அவனைப் போட வைத்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நீயும் பந்து போடுகிறவன், உனக்குப் புரியும். ஓடி வருவது அப்படியே நீதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பந்து கையை விட்டதும் அது நீ இல்லை. நாலு பந்து நன்றாக விழுந்தால் ரெண்டு பந்து இடுப்புக்கு வருகிறது. வருசக்கணக்கில் கிரேன் லிவரைப் பிடித்த கை, அவனைச் சொல்லி என்ன செய்ய? ஜெகதாப்பட்டினத்தானுக்கு இடுப்புக்குப் பந்து போட்டால் அதை அடுத்த ஊர் கோட்டைப்பட்டினத்தில்தான் போய்ப் பொறுக்க வேண்டும்.

லெவன் சொல்லும்போது அவன் பேரைப் பன்னிரண்டாவதாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

இதுவரைக்கும்கூட நியாயம் பேசலாம். டீம், பிட்ச், எதிராளி என்று ஆயிரம் சொல்லலாம். ஆனால் முதல் மேட்சை எப்படிச் சொல்வேன்? எதிர் டீம் ஒன்றுமே இல்லை. வாத்தியார்கூட சிக்ஸர் அடித்தார் என்றால் பார்த்துக்கொள். கடைசி ஓவரில் அவர்கள் என்ன அடித்தாலும் ஜெயிக்க முடியாது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மணி கிட்டத்தில் வந்து, "மாமா, சேவியர எறக்குங்க, நான் வெளிய போய்க்கிறேன்" என்றே சொன்னான். நம்முடைய டோர்னமென்ட், ஆள் மாற்ற யாரும் தடை சொல்லப் போவதில்லை.

அந்த ஓவரை நானே போட்டேன் மாப்ள.

என் கை சூடாகட்டும் என்று மணியிடம் சொன்னேன். பொய். உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ போனதிலிருந்து நம் ஊரில் கிரிக்கெட் என்றாலே, "அருளு இருந்தா..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். டீக்கடையில், சலூனில், என் ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்க வருகிறவன்கூட. எனக்கு ஒரே ஒரு தடவை, நீ இல்லாமலும் இந்த டீம் ஜெயிக்கும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. உன் தம்பி வந்து உன்னைப் போலவே ஓடினால் அந்தக் கப்பும் உன்னுடையதாகிவிடும். செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுகிற ஜென்மம் உண்டா? உண்டு, இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஃபைனலில் ஜெகதாப்பட்டினம். கடைசி ஓவரில் அவர்களுக்கு எட்டு ரன் வேண்டும். செந்திலிடம் பந்தைக் கொடுத்தேன். சேவியர் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக உள்ளே ஓடி வந்து, "தம்பி, எங்கண்ணன் கால்லயே போடுவாப்ல, நகர எடம் குடுக்க மாட்டாப்ல" என்று அவன் காதில் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் கருவை ஓரமாக வெளியேறினான். மைக்கில் பேசியவன் வேறு காலையிலிருந்து யார் பந்து போட்டாலும், யார் அடித்தாலும், "அருள்! அருள்!" என்றே கத்திக்கொண்டிருந்தான். உனக்கு மரியாதையாம்.

முதல் பந்து காலடியில், ரன் இல்லை. அடுத்தது ஒன்று. மூன்றாவது மட்டையின் விளிம்பில் பட்டு நாலு. நாலாவதில் ஸ்டம்பு எகிறியது. ஐந்தாவதில் ஒன்று. கடைசிப் பந்தில் ரெண்டு வேண்டும். செந்தில் மெதுவாக விட்டான். அடிக்கப் போனவன் காற்றைத்தான் அடித்தான், பந்து அவன் காலுக்குள் புகுந்து ஸ்டம்பில் பட்டது. கண்மாயே எழுந்து ஆடியது. பரிசுக் கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மணி ஓட, கிடாய் அவன்மேலேயே ஒன்றுக்கிருந்தது. நானும் ஆடினேன்டா. நன்றாக ஆடினேன்.

கரையில் பந்தலுக்குள் உங்கள் அம்மா நாற்காலியில் இருந்தது. ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேசன் ஆகியிருக்கிறது, உனக்குத் தெரியும். கப்போடு போய்க் காலில் விழுந்தேன். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சின்னவன் அவுக அண்ணன் மாதிரியே போட்டான்லய்யா? நாந்தான் பாத்தேனே, உள்ள ஓடுனான், பந்த வாங்குனான், போட்டான். மைக்குலயும் சொன்னாக" என்றது.

பக்கத்தில் சேவியர் நிற்கிறான், கையில் காலித் தண்ணீர் பாட்டில். அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "ஆமாம்மா" என்று சொன்னது நான்தான்.

அவன் கத்தாருக்குத் திரும்பிப் போய்விட்டான். ஏர்போர்ட்டுக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். திருச்சி வரைக்கும் அவன் உன் பேச்சையும் எடுக்கவில்லை, மேட்ச் பேச்சையும் எடுக்கவில்லை. இறங்கும்போது, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்ணே. அது சந்தோசமா இருக்கு" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அதுதானே வசதி.

வீட்டில் என் பொண்டாட்டி, "கப்பு வாங்குனவுக மூஞ்சியா இது?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. கப்பு கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "ஜெயிச்சுட்டியேப்பா" என்கிறார்கள். நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கேட்டதும் ஆணியை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

போன வாரம் உங்கள் அம்மா கூப்பிட்டு விட்டது. நண்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சேவியர் போன் பண்ணினான். அம்மா ஸ்பீக்கரில் போட்டது. நலம் விசாரித்து முடித்ததும், "ஏய்யா, அந்த ஓவர ஒருக்காச் சொல்லேன்" என்றது. தினமும் கேட்கும் போல. அவனும் சொன்னான் மாப்ள. "மொதப் பந்து கால்லயே எறக்குனேம்மா, அவனால நகர முடியல. ரெண்டாவதுல ஒண்ணு ஓடிப்புட்டாய்ங்க..." ஒரு பந்து விடாமல் சொன்னான். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ அவனை வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம். "இந்தா வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் கடைசிப் பந்தையும் போட்டு முடித்தான்.

முடித்துவிட்டு, "ராசண்ணன் இருக்காராம்மா? அண்ணே, அன்னைக்கி என்னைய நம்பி ஓவரக் குடுத்தீங்க, மறக்க மாட்டேண்ணே" என்றான். அம்மா கேட்பதற்காகச் சொன்னான். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவனுக்கு அந்தப் புத்தி கிடையாது. குத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நீ நல்லா இருப்பய்யா, ஒனக்குந்தான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறேன்" என்று அம்மா இன்னொரு நண்டை எடுத்து என் தட்டில் வைத்தது. நான் அதையும் தின்றேன். பின்னே என்ன செய்வது, சொல்லு? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயாக இருந்தால் முதல் மேட்சிலேயே கொடுத்திருப்பாய். அந்தப் பேச்சே வந்திருக்காது.

சொன்னால் அந்த அம்மாவுக்கு மிச்சம் இருக்கிற ஒரு சந்தோசத்தையும் பிடுங்கினவன் ஆவேன். சொல்லாவிட்டால் உன் தம்பி வேலைக்கு நடுவில் வெயிலில் நின்று தினமும் பொய் சொல்ல வேண்டும், என்னால். இந்த ரெண்டில் எது பெரிய பாவம் என்று யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் இத்தனை வருசமும் கேட்டேன்.

முடிவு பண்ணிவிட்டேன் மாப்ள. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவோடு வீட்டுக்குப் போவேன். சேவியரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, அவனும் கேட்க, நடந்ததை நானே என் வாயால் சொல்வேன். அழட்டும், திட்டட்டும், செருப்பை எடுக்கட்டும். அடுத்த தடவை அவன் லீவில் வரும்போது எந்த டோர்னமென்டாக இருந்தாலும் சரி, எத்தனை ரன் வேண்டியிருந்தாலும் சரி, அவனுக்கு இடம் விட்டு வெளியே உட்காருகிற ஆள் நானாக இருப்பேன். போடாத ஓவரை அவன் இனிமேல் போனில் போட வேண்டாம். இது உன்மேல் சத்தியம்.

உன் தம்பிக்கு அண்ணனாக நின்றிருக்க வேண்டிய,
உன் மாப்ள ராசு